ஒரு சப்வூஃபர் போதுமா, இரண்டு வேண்டுமா? உங்கள் அனுபவம்

உப்புவெளி வாசி:
அன்றைக்கு நடந்தது இன்னமும் மனதை அரிக்கிறது. ஹோலின் முன்மூலையில் பத்து அங்குல சப்வூஃபர் (பாஸ் எனும் தாழ்ந்த ஒலிகளுக்கான தனிப் பெட்டி), சோபா நட்டநடுவில். படத்தில் பாலமே இடிந்து விழுகிறது, எனக்கோ பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுவதுபோல் கேட்கிறது. பின்சுவரோடு கதிரையில் இருந்த அத்தான், "சத்தத்தைக் குறையும் தம்பி, நெஞ்சு அதிர்கிறது" என்கிறார். இருவருக்கும் இடையில் இரண்டரை மீற்றர்கூட இல்லை. இடம் மாறி அமர்ந்தோம். இப்போது எனக்கு அதிர்ந்தது, அவருக்கு ஒன்றுமில்லை. வாங்கிய கடையில் கேட்டால் ஆம்ப்ளிஃபயரை மாற்றச் சொல்கிறார்கள்.

பாலையூற்று:
ஆம்ப்ளிஃபயரைத் தொடாதீர்கள். ஹோலின் நீளம் 5 மீற்றர் என்றால் ஏறத்தாழ 35 ஹெர்ட்ஸில் நிலையலை எழும், அதாவது சுவர்களுக்கிடையே பட்டுத் திரும்பும் தாழ்ந்த ஒலி நகராத மேடுபள்ளமாக நின்றுவிடும். சுவரோரம் பெருகும், நடுவில் செத்துவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பாஸ் கிற்றார் படிப்படியாக இறங்கி வரும்போது கடைசி ஸ்வரங்கள் மட்டும் காணாமற் போகும். அப்பா அதைக் கண்டுபிடித்துப் பாட்டை நிறுத்தி, "இந்த இடத்தில் வாசிப்பவன் எங்கே போனான்?" என்று கேட்டார். முன்சுவர் நடுவில் ஒன்று, பின்சுவர் நடுவில் ஒன்று வைத்தேன். அந்த நிலையலை அடங்கியது, ஸ்வரங்கள் திரும்பி வந்தன. இரண்டுதான் வேண்டும்.

நிலாவெளி வீதி:
எல்லோருக்கும் இரண்டு என்று தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தனியாக இருந்து கேட்பவன் நான். ஒன்றே போதும் என்று கண்டது, சப்வூஃபரைத் தூக்கி என் கதிரையிலேயே வைத்து ஓடவிட்ட இரவில். தரையோடு தவழ்ந்து காது வைத்துக்கொண்டே போனேன். யன்னலுக்குக் கீழே ஓரிடத்தில் பாஸ் அவ்வளவு தெளிவு! பெட்டியை அங்கே வைத்தேன், வேலை முடிந்தது.

புதிதாக வாங்குபவர்கள் கேளுங்கள். கிராஸ்ஓவரை, அதாவது எதற்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். அதற்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று காது பெரும்பாலும் பிரித்தறியாது, ஆகவே பெட்டி திரைக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டுமென்பதில்லை, நன்றாகக் கேட்கும் இடத்தில் வைக்கலாம். ஒவ்வொரு ஹெர்ட்ஸ் பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால், பெருகிய மேட்டை வெட்டலாம். நிலையலை விழுங்கிய பள்ளத்தை நிரப்ப முடியாது, ஏற்ற ஏற்ற ஆம்ப்ளிஃபயர்தான் திணறும். சப்வூஃபரின் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை இரண்டு பக்கமும் மாற்றிக் கேளுங்கள். கடலோர வீடென்றால் பெட்டியின் பின்பக்க வயர் முனைகளை அடிக்கடி துடையுங்கள், உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும்.

பாலையூற்று:
உங்களுக்கு ஒரு கதிரை. உப்புவெளியில் சோபாவும் அத்தானும் இருக்கிறார்களே! ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் ஆராய்ந்ததும் இதைத்தான்: பல இருக்கைகளிலும் பாஸ் ஒரேமாதிரி கேட்க எத்தனை வேண்டும்? செவ்வக அறையில் நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைத்தது மிகச் சிறந்த அமைப்புகளில் ஒன்று. எதிரெதிர்ச் சுவர் நடுவில் இரண்டு வைத்ததும் அதற்குக் கிட்டவே வந்தது. நான்கைத் தாண்டினால் பெரிய பலனில்லை.

உப்புவெளி அன்பரே, உங்கள் ஹோலின் கதவு எந்தச் சுவரில்? பின்சுவரின் நடுவில் என்றால் பக்கச்சுவர்களைத்தான் பார்க்க வேண்டும். அகலத்தையும் அளந்து சொல்லுங்கள்.