பழைய ஜிப்சியின் கியர்பாக்ஸ் இரைச்சல்: ரிலீஸ் பேரிங்கா, உள்ளே இருக்கும் பேரிங்கா?

வால்பாறை ஜிப்சி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1997ஆம் ஆண்டு மாருதி ஜிப்சி, 1.3 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளும் தேயிலைத் தோட்டச் சாலைகளுமே இதன் பாதை என்பதால், பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் கியர்களில்தான் ஓடுகிறது. சில மாதங்களாகக் கியர்பாக்ஸ் பக்கமிருந்து கரகரவென்று ஓர் இரைச்சல் வருகிறது. வண்டியை நிறுத்தி நியூட்ரலில் எஞ்சினை ஓட விட்டால் மெலிதாகக் கேட்கிறது. கிளட்சை முழுவதும் மிதித்தால் ஓரிரு நொடியில் அடங்கிவிடுகிறது. காலை எடுத்தால் மறுபடியும் தொடங்குகிறது. கியர் விழுவதில் சிரமம் எதுவும் இல்லை. ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் பேரிங்) தேய்ந்துவிட்டது, கிளட்ச் செட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று இங்குள்ள மெக்கானிக் சொல்கிறார். செலவு செய்யும் முன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஸ்பானர்14

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் கோளாறு ரிலீஸ் பேரிங்கில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த பேரிங்குக்குச் சுமை ஏறுவது பெடலை மிதிக்கும்போதுதான். ஆகவே அது கெட்டிருந்தால் மிதிக்கும்போது சத்தம் வந்து, காலை எடுத்ததும் குறைய வேண்டும். உங்கள் வண்டியில் நடப்பது நேர் எதிரானது. நியூட்ரலில் கிளட்ச் பெடலை மிதிக்காமல் இருக்கும்போது, எஞ்சின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட்டும், அதனோடு பல் கோத்திருக்கும் கவுன்ட்டர் ஷாஃப்ட்டும், விசையை வெளியே அனுப்பும் மெயின் ஷாஃப்ட்டின் மேல் தளர்வாகச் சுற்றும் கியர்களும் ஓடிக்கொண்டிருக்கும். கிளட்சை மிதித்தால் இவை எல்லாம் நின்றுவிடும். எனவே சத்தம் கியர்பாக்ஸின் உள்ளேதான் பிறக்கிறது.

ஐடிலில் மட்டும் சத்தம் வந்து, ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டதும் மறைந்துவிடுகிறதா என்பதையும் பாருங்கள். அப்படியானால் அது கிளட்ச் பிளேட்டின் ஸ்பிரிங்குகள் தளர்ந்ததால் கியர் பற்கள் ஒன்றோடொன்று மோதி எழுப்பும் சத்தமாக இருக்கலாம். அப்போது உங்கள் மெக்கானிக் சொன்ன கிளட்ச் செட்டுக்கு வேறு ஒரு நியாயம் கிடைத்துவிடும்.

அடுத்து, சமதளமான சாலையில் ஒவ்வொரு கியரிலும் ஓட்டி, எதில் சத்தம் கூடுகிறது, எதில் குறைகிறது என்று கவனியுங்கள். குறிப்பாக நான்காம் கியரைக் கவனியுங்கள். இந்தக் கியர்பாக்ஸில் அது நேரடிக் கியர். விசை கவுன்ட்டர் ஷாஃப்ட் வழியாகப் போகாமல் இன்புட் ஷாஃப்ட்டிலிருந்து மெயின் ஷாஃப்ட்டுக்கு நேராகச் செல்கிறது. கவுன்ட்டர் ஷாஃப்ட் அப்போதும் சுற்றும், ஆனால் சுமை இருக்காது.

ஜிப்சியில் இன்னொரு வசதியும் உண்டு. முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸிலிருந்து தனியாக, ஒரு குட்டை ஷாஃப்ட்டால் இணைக்கப்பட்டிருப்பதால், அதன் லிவரை நியூட்ரலில் வைத்துவிட்டு வண்டி நின்ற இடத்திலேயே ஐந்து கியர்களையும் ஓட விட்டுக் கேட்கலாம். ஆனால் டிரான்ஸ்ஃபர் நியூட்ரலில் இருக்கும்போது வண்டியைக் கியரில் நிறுத்திய பிடிமானம் இருக்காது. சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கையும் போட்ட பிறகே இதைச் செய்யுங்கள்.

காராமணி

கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன் ஆயிலைப் பார்க்க வேண்டாமா? பக்கவாட்டில் இருக்கும் ஆயில் ஊற்றும் பிளக்கைக் கழற்றினால், துளையின் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். வால்பாறை மழையில் ஓடைகளைக் கடக்கும் வண்டி என்றால் தண்ணீர் புகுந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் பேரிங் கெட்டதற்குக் காரணம் அதுவே. எங்கள் பக்கத்தில் பழைய வண்டிகளுக்கு 140 எண் கொண்ட கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கும் என்பார்கள். அதையும் ஒருமுறை முயன்று பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

ஸ்பானர்14

ஆயிலைப் பார்ப்பது சரி, 140 ஊற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கெட்டியான ஆயில் சத்தத்தை மூடி மறைக்குமே தவிர, குழி விழுந்த பேரிங்கைச் சரிசெய்யாது. அதோடு வால்பாறையின் குளிர்ந்த காலையில், கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ ரிங்குகளால் அந்த ஆயிலை விலக்கிக் கியரைப் பிடிக்க முடியாமல், இப்போது இல்லாத புதுச் சிக்கலாகக் கியர் விழ மறுக்கும். ஜிஎல்-4 என்னும் தர வகையில், 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90 கெட்டித்தன்மை உள்ள ஆயில் போதும். அச்சில் இருக்கும் கிரவுன் பினியன் பற்சக்கரங்களுக்கு வாங்கிய ஜிஎல்-5 மிச்சமிருக்கிறது என்று அதைக் கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளை அரிக்கக்கூடும்.

ஆயிலை வடிக்கும்போது அடியில் என்ன வருகிறது என்று பாருங்கள். சாம்பல் நிறத்தில் மாவுபோல் வருவது இயல்பான தேய்மானம். காந்தத்தில் ஒட்டும் செதில்கள் வந்தால் பேரிங்கோ கியர் பல்லோ உதிர்கிறது என்று பொருள். ஒட்டாத மஞ்சள் துகள்கள் சிங்க்ரோவினுடையவை. ஆயில் ஊற்றும் பிளக் கழலுகிறதா என்று உறுதிசெய்த பிறகே அடிப் பிளக்கைத் திறக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வால்பாறை ஜிப்சி

இருவருக்கும் நன்றி. ஆயில் அளவு சற்றே குறைவாக இருந்தது, தண்ணீர் கலக்கவில்லை. அடியில் கிடைத்த சில மெல்லிய செதில்கள் காந்தத்தில் ஒட்டின. ஆக்சிலரேட்டரைத் தொட்டாலும் சத்தம் மறையவில்லை, வேகத்தோடு கூடுகிறது. இரண்டு, மூன்று, ஐந்தாம் கியர்களில் இரைச்சல் தெளிவாகக் கேட்கிறது; நான்காம் கியரில் ஏறக்குறைய இல்லை, ஆனால் மெல்லிய ஊளை போன்ற ஒலி மட்டும் நிற்கிறது. அது வேறு கோளாறா?

ஸ்பானர்14

அந்த ஊளையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஜிப்சியின் டிரான்ஸ்ஃபர் கேஸில் சாதாரண டூ வீல் டிரைவிலும் விசை பற்சக்கரங்கள் வழியாகத்தான் போகிறது, நேரடி வழி கிடையாது. அதனால் ஓரளவு ஊளை எப்போதும் இருக்கும். அதன் ஆயில் அளவை மட்டும் பார்த்துவிடுங்கள்.

கரகரப்பு நான்காம் கியரில் அடங்குவதால் முதல் சந்தேகம் கவுன்ட்டர் ஷாஃப்ட் பேரிங்குகள் மீதுதான். ஆனால் இன்புட் ஷாஃப்ட்டின் முன் பேரிங்கை இந்தச் சோதனை விடுவித்துவிடாது; நேரடிக் கியரில் பற்கள் ஒன்றையொன்று தள்ளும் அழுத்தம் இல்லாததால் அந்த பேரிங்கும் அப்போது அமைதியாக இருக்கக்கூடும். நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது, நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கியர்பாக்ஸ் உறையில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டால் எந்தப் பக்கம் என்று ஓரளவு தெரியும். சைலன்சர் குழாயிலும் சுற்றும் ஷாஃப்ட்டிலும் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருப்பினும் பெட்டியைப் பிரித்த பிறகு ஒரே ஒரு பேரிங்கை மாற்றி மூடுவது வீண் சிக்கனம். எல்லா பேரிங்குகளையும் ஆயில் சீல்களையும் மாற்றிவிடுங்கள். உதிர்ந்த செதில்கள் கியர் பற்களில் பள்ளம் போட்டிருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பற்கள் கெட்டிருந்தால் புது பேரிங் போட்டாலும் சத்தம் தொடரும். கியர்பாக்ஸ் எப்படியும் கீழே இறங்குவதால் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃபிளைவீலில் இன்புட் ஷாஃப்ட்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங், எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் ஆகியவற்றையும் பார்த்து, தேய்ந்திருப்பதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

அதுவரை பாரம் ஏற்றி மலை ஏறாதீர்கள். பேரிங்கின் குண்டுகளைப் பிடித்து வைக்கும் கூடு உடைந்தால் ஷாஃப்ட் இடம் விலகிக் கியர்களின் பற்களை முறித்துவிடும். பிறகு பேரிங் விலையில் முடிய வேண்டிய வேலைக்கு வேறொரு கியர்பாக்ஸைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.