சண்டே மார்க்கெட்ல 600 ரூவாக்கு வாங்குன மீட்டர், இது எந்த ஊரு கார்தா இருக்கும்?

பாண்டி_பழசு:
எல்லாருக்கும் வணக்கம், புதுசா சேந்திருக்கேன். போன ஞாயித்துக்கிழமை பாண்டி காந்தி வீதி சந்தையில, தரையில சாக்கு விரிச்சு பழைய பூட்டு, பித்தளை குழாய், உடைஞ்ச ரேடியோ எல்லாம் போட்டு வச்சிருந்த ஒரு அண்ணன்கிட்ட ஒரு ஸ்பீடாமீட்டர் பார்த்தேன், 1000 சொன்னாரு, பேசிப் பேசி கூட ஒரு குட்டி மீட்டரும் சேத்து 600க்கு வாங்கிட்டு வந்துட்டேன். "அம்பாசடர் தம்பி, அந்தக் காலத்து ஒரிஜினல்"னாரு. வீட்டுக்கு வந்து துடைச்சுப் பார்த்தா அம்பாசடர் மாதிரி தெரியல.

கறுப்பு முகம், 0ல இருந்து 120 வரைக்கும் பழுப்படிச்ச எழுத்து, ஆனா கிலோமீட்டரா மைலான்னு எங்கயுமே போடல, இல்ல அழிஞ்சிருக்கு. கீழ ஜே ஏ இ ஜி இ ஆர்னு இருக்கு. பின்பக்கம் தகரத்துல பொடி எழுத்துல முதல்ல பி, அப்புறம் டி, இ, தள்ளி எஸ்.ஜி.டி.ஜி.ன்னு குத்தியிருக்கு. குட்டி மீட்டர்லதான் செம காமெடி, முகத்துல எசன்ஸ்னு எழுதியிருக்கு, சத்தியமா. எங்க வீட்டம்மா "கேக்குக்கு ஊத்துற வெனிலா எசன்ஸ அளக்குற மெஷினா"ன்னு கேட்டுட்டு இன்னும் சிரிச்சிட்டு இருக்காங்க.

ஃப்ரெண்டு ஒருத்தன் ஜேகர்னா ஜாக்குவார்டா, லட்சக்கணக்குல போகும்ங்கறான். உண்மையா? யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க ப்ளீஸ்.

கோவை_கிளட்ச்:
ப்ரோ உங்க ஃப்ரெண்ட மொதல்ல உக்கார சொல்லுங்க 😄 ஜேகர் வேற ஜாக்குவார் வேற. ஜேகர் மீட்டர் பண்ற கம்பெனி, கார் கம்பெனி இல்ல. லண்டன்லயும் ஒரு ஜேகர் இருந்துச்சு, 1920கள் கடைசியில அது ஸ்மித்ஸ்ங்கற இங்கிலீஷ் மீட்டர் கம்பெனி கைக்கு போயிடுச்சு, அதனாலதான் பழைய எம்ஜி, டிரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் கார்ல எல்லாம் ஜேகர் பேரு போட்ட மீட்டர் பார்க்கலாம். உள்ள பூரா ஸ்மித்ஸ் சரக்குதான்.

ஆனா உங்களோடது அந்த லண்டன் வகையான்னு எனக்கு டவுட்டா இருக்கு. மைல்னு வச்சுக்கிட்டா 120 மைல்ங்கறது 193 கிலோமீட்டர், அப்படி ஓடுற கார் அந்தக் காலத்துல எத்தன இருந்திருக்கும்? கிலோமீட்டர்னா 120ங்கறது சாதாரண குடும்பக் காருக்கு கச்சிதம். ரெண்டு விஷயம் பார்த்து சொல்லுங்க. முகத்துக்கு அடியில 1040, 1280, 1600 மாதிரி ஏதாவது நம்பர் இருக்கா? இங்கிலீஷ் மீட்டர்ல பெரும்பாலும் அத போடுவாங்க, ஒரு மைலுக்கு கேபிள் எத்தன சுத்து சுத்தணும்ங்கற கணக்கு அது. ரெண்டாவது, பின்னாடி கேபிள் மாட்டுற ஓட்டைய மெதுவா கையால சுத்துனா முள்ளு எப்படி ஏறுது, நடுங்கிட்டே வழுவழுன்னா, இல்ல டக்கு டக்குன்னு குதிச்சா? ட்ரில்லிங் மெஷின் மட்டும் போட்றாதீங்க.

பாண்டி_பழசு:
நன்றி ப்ரோ. நம்பர் எதுவும் இல்ல. கேபிள் ஓட்டை சதுரமா இருக்கு, சீவுன மூங்கில் குச்சிய சொருகி சுத்திப் பார்த்தேன். மொதல்ல எதிர்ப்பக்கமா சுத்திட்டேன் போல, ஒண்ணும் நடக்கல. மத்தப் பக்கம் வேகமா சுத்துனா முள்ளு சும்மா இருந்துட்டு திடீர்னு ஒரு குதி குதிச்சு 10 கிட்ட போய் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது, அப்புறம் மறுபடி ஒரு குதி. உள்ளுக்குள்ள டைம்பீஸ் மாதிரி டிக் டிக்குங்குது! ஓடுன தூரத்த காட்டுற நம்பர் வரிசையில கடைசி சிவப்பு நம்பர் ஒண்ணு நகர 100 சுத்து ஆச்சு, ரெண்டு வாட்டி எண்ணினேன், கை வலி தாங்கல.

வில்லியனூர்_வாசி:
தம்பி, அது கேக்குல ஊத்துற எசன்ஸ் இல்ல. பிரெஞ்சுல பெட்ரோலுக்கு பேரே எஸான்ஸ்தான். எங்கப்பா சாகற வரைக்கும் பெட்ரோல் போட்டுட்டு வர்றேன்னு சொன்னதில்ல, எஸான்ஸ் போட்டுட்டு வர்றேன்னுதான் சொல்வாரு. நீ வாங்குனது பெட்ரோல் மீட்டர்.

பின்னாடி குத்தியிருக்கறதும் பிரெஞ்சுதான். மொதல் மூணு எழுத்து ப்ரெவெத்தேங்கறதோட சுருக்கம், காப்புரிமை வாங்குனதுன்னு அர்த்தம். எஸ்.ஜி.டி.ஜி.ன்னா "அரசாங்கத்தோட உத்தரவாதம் இல்லாம". அதாவது பேட்டன்ட் குடுத்திருக்கோம், ஆனா சாமான் ஒழுங்கா வேலை செய்யுமான்னு எங்கள வந்து கேக்காதீங்கன்னு சர்க்காரே சொல்றது. 1844ல போட்ட சட்டம், 1968ல எடுத்தாங்க. அப்ப உன் மீட்டர் பிரான்ஸ்ல பண்ணது, 68க்கு முந்தினது, அந்த மட்டும் கண்ண மூடிட்டு சொல்லலாம். 1954 நவம்பர் வரைக்கும் இங்க பிரெஞ்சு ஆட்சிதானே, அந்த ஊரு கார் பாண்டியில கிடந்ததுல ஆச்சரியம் என்ன இருக்கு.

மீட்டர்_மெக்கானிக்:
முப்பது வருசமா மீட்டர் ரிப்பேர்தான் எனக்கு பொழப்பு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் கோவிச்சுக்காதீங்க. டிக் டிக்குன்னு கேக்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் விஷயமே இருக்கு. இதுக்கு க்ரோனோமெட்ரிக்னு பேரு. சாதாரண ஸ்பீடாமீட்டர்ல கேபிள் ஒரு காந்தத்த சுத்தும், காந்தம் தொடாமலே பக்கத்துல இருக்கற அலுமினிய கிண்ணத்த இழுக்கும், அத ஒரு மெல்லிசு ஸ்ப்ரிங் புடிச்சு நிறுத்தும், அந்த இழுபறிதான் முள்ளா ஆடுது. ஜெர்மனியில ஓட்டோ ஷூல்ட்ஸெங்கறவர் 1902லயே அதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டார். க்ரோனோமெட்ரிக் அப்படி இல்ல, உள்ள நெசமாவே ஒரு கடிகார எஸ்கேப்மென்ட் இருக்கு, அதாவது டிக் டிக்குன்னு ஒவ்வொரு பல்லா சக்கரத்த நகர விடுற அமைப்பு. அது கொஞ்ச நேரத்த அளந்து குடுக்கும், அந்த நேரத்துக்குள்ள கேபிள் எத்தன சுத்து சுத்துச்சுன்னு பல்லு சக்கரம் எண்ணும், எண்ணி முடிச்சதும் முள்ள அந்த இடத்துல கொண்டு போய் பூட்டிடும், அடுத்த எண்ணிக்கை வர்ற வரைக்கும் முள்ளு அசையாது. அதான் குதிக்குது. ஜேகர் கைக்கடிகாரத்துலயும் பெரிய பேரு, இன்னிக்கும் ஜேகர் லெகூல்த்ருன்னு வாட்ச் விக்கறாங்களே, அதுல வர்ற எட்மண்ட் ஜேகர்தான் பாரிஸ்ல இந்த கம்பெனிய நடத்துனவரு. வாட்ச்காரன் மூளையில வேற எப்படி ஸ்பீடாமீட்டர் வரும்.

கார்ல இந்த வகை பெரும்பாலும் ரெண்டாம் உலகப்போருக்கு முன்னாடிதான், அப்புறம் காந்த வகை மலிவுன்னு எல்லாரும் அந்தப் பக்கம் சாஞ்சுட்டாங்க. சிவப்பு நம்பர் கிலோமீட்டர்ல பத்துல ஒரு பங்கு, நூறு சுத்துக்கு அது ஒண்ணு நகருதுன்னா கிலோமீட்டருக்கு 1000, கணக்கு அழகா வருது, ஆனா மைலுக்கு 1000 சுத்து வச்ச இங்கிலீஷ் மீட்டரும் உண்டு, அதனால அத மட்டும் சாட்சியா வச்சிருந்தா நான் ஒத்துக்க மாட்டேன். வில்லியனூர் ஐயா சொன்னதோட சேத்துப் பார்த்தாதான் சரி.

இப்ப ரெண்டு எச்சரிக்கை. டபிள்யூடி-40ன்னு துருவுக்கு அடிக்கற ஸ்ப்ரே இருக்கே, அத அடிக்காதீங்க, எஸ்கேப்மென்ட் பிசுபிசுன்னு ஆயிடும், வாட்ச் ரிப்பேர்காரர் எவராவது கழுவி எண்ணெய் போடணும். அடுத்தது, எழுத்து பழுப்படிச்சிருக்குன்னு சொன்னீங்க. இருட்டுல மின்னுறதுக்கு அந்தக் காலத்துல ரேடியம் கலந்த பெயின்ட் பூசுவாங்க. இப்ப மின்னலன்னு சொல்லி சும்மா இருந்துடாதீங்க, மின்னுற பொடிதான் செத்திருக்கும், ரேடியம் பாதியா குறையவே 1600 வருசம் ஆகும். கண்ணாடிய கழட்டாதீங்க, சுரண்டாதீங்க, கொழந்தைங்க கைக்கு போகக்கூடாது. பெட்ரோல் மீட்டர் பின்னாடி வோல்ட் போட்டிருக்கா?

பாண்டி_பழசு:
ஐயோ அண்ணே, மூங்கில் குச்சியோட சேத்து ரெண்டு நாளா சாப்பாட்டு மேஜையிலதான் கெடந்துச்சு 😬 இப்ப ஜிப் கவர்ல போட்டு பரண்ல வச்சுட்டேன், மேஜையையும் ஈரத்துணியால துடைச்சாச்சு. வோல்ட் 6ன்னு போட்டிருக்கு.

கோவை_கிளட்ச்:
6 வோல்ட்டா! அப்ப பிரெஞ்சு கார்ல பிஜோ 203 இல்ல, அது 12. சிட்ரோன் டிராக்ஷன் அவான் 6 வோல்ட்தான், 1934ல வந்த முன்சக்கர டிரைவ் கார். ரெனோ 4சிவியும் 6தான், ஆனா அது போருக்கு அப்புறம் வந்தது. என் ஓட்டு சிட்ரோனுக்கு.

பாண்டி_பழசு:
அப்டேட். இன்னிக்கு மறுபடி சந்தைக்குப் போனேன். அதே அண்ணன், அதே சாக்கு. அன்னிக்கு மீட்டரோட வேற என்ன வந்துச்சுன்னு கேட்டேன், யோசிச்சுட்டு அடியில இருந்து ஒரு ஒடுங்குன வீல் கப்ப எடுத்துப் போட்டாரு. நடுவுல ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு தலைகீழ் வி, போலீஸ் ஏட்டு கையில இருக்குமே அந்த பட்டை மாதிரி, ஆனா கவுத்துப் போட்டது. பழைய வீடு ஒண்ணு இடிக்கும்போது ஷெட்ல இருந்து ஒரே மூட்டையா எடைக்கு வாங்கினாராம். கப்புக்கு 400 கேட்டாரு, பேரமே பேசல.

மீட்டர்_மெக்கானிக்:
அது சிட்ரோன் முத்திரையேதான். ஆந்த்ரே சிட்ரோன் கார் பண்றதுக்கு முன்னாடி வி மாதிரி பல்லு வெட்டுன கியர் பண்ணிட்டு இருந்தாரு, அந்தப் பல்லுதான் அது. ஒரே மூட்டைன்னா ஒரே காரா இருக்கணும்னு அவசியம் இல்ல, ஆனா 6 வோல்ட், பிரெஞ்சு எழுத்து, இந்த கப்பு மூணும் ஒரே பக்கம் கை காட்டுது. சிட்ரோன்னு தைரியமா எழுதி வைங்க. டிராக்ஷன்தான்னு எழுதாதீங்க, அதுக்கு முந்தின மாடலாவும் இருக்கலாம். டேஷ்போர்டுல உக்கார்ற விட்டத்த மில்லிமீட்டர்ல அளந்து, டிராக்ஷன் வச்சிருக்கற யாருக்காவது அனுப்புங்க, அங்க தெரிஞ்சிடும்.

கோவை_கிளட்ச்:
ஒண்ணு சொல்லவா, சந்தைக்காரர் அம்பாசடர்னு சொன்னதும் முழுப் பொய் இல்ல 😂 அம்பாசடர்ங்கற பேர 2017ல 80 கோடி குடுத்து வாங்குனதே பிஜோ சிட்ரோன் குரூப்தான். ப்ரோ, விக்கறதா இருந்தா மொதல்ல எனக்கு சொல்லுங்க.

பாண்டி_பழசு:
விக்கல ப்ரோ. விட்டம் நாளைக்கு அளந்து போடுறேன், இப்ப பரண் ஏறுனா வீட்ல திட்டு விழும்.