மதமும் நவீன மேற்கத்தியச் சிந்தனையும்: இந்தப் பாடத்தை விட்டுவிடலாமா?

இலையுதிர்: அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கிறேன். தத்துவமோ சமயமோ ஒரு பாடம் கட்டாயம் என்பதால் இதில் சேர்ந்தேன். ஹியூம், கான்ட், மார்க்ஸ், கீர்க்ககார்ட், நீட்சே, ஃப்ராய்ட், எல்லாம் 14 வாரத்தில். முதல் கட்டுரைக்கு சி கிரேடுதான் கிடைத்தது. ஹியூமின் 'இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்கள்' நூலில் மூன்று பேர் வாதாடுகிறார்கள். அதில் சந்தேகவாதி ஃபைலோ பேசுவதுதான் ஹியூமின் கருத்து என்று எழுதியிருந்தேன். பேராசிரியர் அந்த வரியை வட்டமிட்டு ஓரத்தில் "எந்தப் பக்கத்தில்?" என்று கேட்டிருக்கிறார். வேறெதுவும் எழுதவில்லை. விலக வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

ரத்னவேல்72: விட்டுவிடுங்கள் தம்பி. ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) விழுந்தால் இன்டர்ன்ஷிப்புக்குக் கூப்பிடுகிறவன் நீட்சேயைப் பற்றியா கேட்கப் போகிறான்? 14 வாரத்தில் இத்தனை பேரைப் படிப்பது ரயில் ஜன்னலில் ஊர் பார்க்கிற மாதிரிதான்.

கடைசிபெஞ்ச்: ரத்னவேல் சார், அவருக்கு சி வந்ததே படிக்க வேண்டியதைப் படிக்காததால்தான். பன்னிரண்டாம் பகுதியில் அதே ஃபைலோ திடீரென்று குரலை மாற்றிக்கொண்டு, படைப்பில் ஒரு நோக்கம் தெரிகிறது என்கிறான். முடிவில் கதை சொல்கிறவன், உலகின் ஒழுங்கைக் காட்டிக் கடவுளுக்காக வாதாடும் கிளியாந்தஸ்தான் உண்மைக்கு இன்னும் அருகில் என்று தீர்ப்பு எழுதுகிறான். ஹியூம் இதைத் தன் வாழ்நாளில் அச்சேற்றவில்லை. 1776இல் அவர் இறந்தபின் வெளியிட நெருங்கிய நண்பர் ஆடம் ஸ்மித்தே தயங்கினார். 1779இல் அண்ணன் மகன் கொண்டுவந்தார். இவ்வளவு ஜாக்கிரதையாக ஒளிந்துகொண்ட ஆளை ஒரே வரியில் பிடித்துவிட்டேன் என்றால் பக்க எண் கேட்கத்தானே செய்வார்? (ஃபைலோதான் ஹியூம் என்று பெரிய அறிஞர்களும் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு வாதம் வைக்கிறார்கள்.)

ரத்னவேல்72: சரி, படிக்கட்டும். ஆனால் 'மதம்' என்று பலகை மாட்டிக்கொண்டு நடப்பது பிராட்டஸ்டன்ட் வீட்டுப் பங்காளிச் சண்டை. நம்புகிறாயா, ஆதாரம் உண்டா, இதே கேள்விதான். என் அப்பத்தா கடவுள் இருக்கிறாரா என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றினார், ஆடியில் கூழ் ஊற்றினார். அவருக்கு இந்தப் பாடத்தில் எந்த வாரம்?

இலையுதிர்: இதை வகுப்பில் கேட்கலாமா?

கடைசிபெஞ்ச்: தாராளமாக. இங்கே ரத்னவேல் சாரை மறுக்க முடியவில்லை. கான்ட் பக்திமார்க்க லூத்தரன் (பிராட்டஸ்டன்டில் ஒரு பிரிவு) குடும்பம், நீட்சேயின் அப்பா லூத்தரன் பாதிரியார், கீர்க்ககார்ட் டென்மார்க் திருச்சபையோடு மல்லுக்கட்டியே செத்தார். ஆனால் அந்தச் சண்டையின் சரக்கு நம் ஊருக்கும் வந்து சேர்ந்திருக்கிறதே. 'மதம் மக்களுக்கு அபின்' என்று மேடையில் கேட்காதவர் உண்டா? மார்க்ஸ் அதற்கு முந்தைய வரியில் மதத்தை ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு, இதயமற்ற உலகின் இதயம் என்கிறார். மேடையில் அந்த வரி மட்டும் காணாமல் போய்விடும்.

மார்கழிக்குளிர்: நீட்சேவுக்கும் அதே கதிதான். 'கடவுள் இறந்துவிட்டார்' என்று டி‑ஷர்ட்டில் போட்டுக்கொள்கிறார்கள். 1882இல் வந்த நூலில் அதைச் சொல்வது பட்டப்பகலில் லாந்தர் ஏந்தி சந்தைக்கு ஓடிவரும் ஒரு பித்தன். சுற்றி நின்று சிரிக்கிறவர்கள் பலர் கடவுளை நம்பாதவர்கள். நாம்தான் கொன்றோம் என்று அவர்களிடம்தான் கதறுகிறான். லாந்தரைத் தரையில் போட்டு உடைத்துவிட்டு, சீக்கிரம் வந்துவிட்டேன் என்கிறான். நான் கோயிலுக்குப் போகிறவள். அதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை, நம்பிக்கை போய்விடவும் இல்லை.

ரத்னவேல்72: தூக்கம் கெடுகிற பாடத்துக்குப் பணமும் கட்டி, சி வேறு வாங்க வேண்டுமா அம்மா?

மார்கழிக்குளிர்: நான் வாங்கியது பி மைனஸ், ஐயா.

இலையுதிர்: பன்னிரண்டாம் பகுதியை இன்று மறுபடி படித்தேன். ஃபைலோ குரல் மாறுவது உண்மைதான், போன தடவை கடைசிப் பத்துப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். கட்டுரையைத் திருத்தித் தரலாமா என்று மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். ரத்னவேல் ஐயா, அப்பத்தா கேள்வியை என் கேள்வியாக வகுப்பில் கேட்கட்டுமா?

ரத்னவேல்72: கேளுங்கள். பதிலை இங்கே வந்து எழுத வேண்டும்.