பேனல் லைன் வாஷ்: “மையாடல்” என்று சொல்லலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

மாதிரி விமானம் கட்டும் கலையின் சொற்களுக்குத் தமிழ் தேடி வருகிறோம். டிக்கால் (நீரில் நனைத்து மாதிரியின் மேல் ஒட்டும் சின்னம்) என்பதற்கு “நீரொட்டி” என்று போன மாதம் முடிவு செய்தோம். அடுத்து நிற்பது “வாஷ்”, அதாவது மாதிரியின் பள்ளக் கோடுகளில் நீர்த்த வண்ணத்தை ஓடவிட்டுத் துடைக்கும் வேலை. நான்கு நாளாக வந்த மடல்களை இன்று ஒருசேரப் படித்தேன். கழுவல், ஊறல், வரிமை என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. “வாஷ் என்றே எழுதிவிடலாம், எல்லாருக்கும் புரியும்” என்று தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். நான் நான்காவதாக ஒரு சொல்லை முன்வைக்கிறேன்: மையாடல். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதிரி விமானம் கட்டிப் பழக்கமில்லாத தமிழாசிரியர்களும் நம் குழுவில் இருக்கிறார்கள். அதனால் முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இப்போது நான் செய்துகொண்டிருப்பது டாமியா நிறுவனத்தின் 1/48 அளவு எஃப்-14ஏ டாம்கேட். அமெரிக்கக் கடற்படைக்காக க்ரம்மன் நிறுவனம் செய்த போர் விமானம் அது. 1970 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தது, 2006 செப்டம்பரில் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றது. அசல் விமானத்தின் நீளம் 19.1 மீட்டர். என்னிடம் இருப்பது 40 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அசலில் தகடும் தகடும் சேரும் இடங்கள், பராமரிப்புக்காகத் திறக்கும் மூடிகளின் விளிம்புகள் எல்லாம் பிளாஸ்டிக்கில் மயிரிழை போன்ற பள்ளக் கோடுகளாக வார்க்கப்பட்டிருக்கும். இவைதான் பேனல் லைன். வண்ணம் அடித்து முடித்தால் இந்தக் கோடுகள் கண்ணுக்கே தெரியாது, ஏனென்றால் பள்ளமும் மேடும் ஒரே சாம்பல் நிறம்.

அப்போதுதான் இந்த வேலை வருகிறது. நன்றாக நீர்த்த எனாமல் வண்ணத்தில் மெல்லிய தூரிகையின் நுனியைத் தோய்த்து, ஒரு கோட்டில் ஒரே ஒரு புள்ளி வைக்கிறோம். தூரிகையை எடுத்த பிறகும் மை தானாக ஓடுகிறது. புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து, மூலையில் திரும்பி, ஒரு மூடியின் விளிம்பை முழுக்கச் சுற்றி வந்து நிற்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. அரை மணி நேரம் காயவிட்டு, பஞ்சுக் குச்சியை மினரல் டர்பன்டைனில் தொட்டு, ஈரம் போகப் பிழிந்து, மூக்கிலிருந்து வாலை நோக்கிக் காற்று ஓடும் திசையில் துடைக்கிறோம். மேலே வழிந்தது போய்விடும், பள்ளத்தில் இறங்கியது நிற்கும். அதுவரை வெறும் பிளாஸ்டிக் துண்டாக இருந்த சிறகு, தகடு தகடாக இணைத்துச் செய்த சிறகாகத் தெரியும்.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

“கழுவல்” வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இங்கே எதையும் கழுவவில்லை, பூசுகிறோம். அதைவிடப் பெரிய சிக்கல், கழுவுவது என்ற வேலை நம் தொழிலில் ஏற்கெனவே உண்டு. பெட்டியைப் பிரித்ததும் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கிறோம், அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப் பசை போகவேண்டும் என்பதற்காக. முதல் வேலைக்கும் கடைசிக்கு முந்தைய வேலைக்கும் ஒரே பெயர் இருந்தால் புதியவர்கள் திண்டாடுவார்கள். இது என் கண்முன் நடந்தது. பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தொலைபேசியில் வழி சொல்லிக்கொண்டிருந்தேன். “நீரொட்டி காய்ந்ததும் இறக்கைக்கு வாஷ் கொடுத்துவிடு” என்றேன். வாஷ் என்றால் அவனுக்குத் தெரிந்தது வண்டிக்குச் செய்யும் வாட்டர் வாஷ்தான். குழாயைத் திறந்து இறக்கையைக் காட்டிவிட்டான். மேலே வார்னிஷ் பூசாத நீரொட்டிகள் அப்படியே மிதந்து போய்விட்டன. இரண்டு வாரம் உட்கார்ந்து செய்த வேலை. தப்பு அவனுடையதில்லை, நான் சொன்ன சொல்லில்தான் இருந்தது. “எல்லாருக்கும் புரியும்” என்ற தம்பிக்கு என் பதிலும் இதுதான். ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குத்தான் அது புரியும்.

“ஊறல்” எனக்குப் பிடித்த சொல். மை கோட்டுக்குள் ஊறிப் போவதை அப்படியே சொல்கிறது. ஆனால் நாளிதழில் வாரம் ஒருமுறை “இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு” என்று படிக்கிறோம். அந்தப் பொருள் அழுத்தமாக ஒட்டியிருக்கிறது. அது தவிர, ஊறுவது பாதி வேலைதான், துடைப்பது மறுபாதி. “வரிமை” சுருக்கமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் தடவை படிப்பவர் வரி, மை என்று பிரித்துப் படிக்கமாட்டார். உரிமை, வலிமை போல ஏதோ ஒரு பண்புப்பெயர் என்றே எடுத்துக்கொள்வார்.

சரி, மையாடல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுவடிப் பாதுகாப்புப் பயிலரங்கில் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் புதிதாகக் கீறிய பனையோலை ஒன்றை எங்களிடம் கொடுத்து “படியுங்கள்” என்றார். ஒன்றும் தெரியவில்லை. சாய்த்துப் பிடித்தால் கீறல்கள் மினுங்கின, அவ்வளவுதான். எழுத்தாணியில் மை கிடையாது, அது ஓலையைக் கீறிக்கொண்டே போகும். எழுத்தும் ஓலை நிறம், ஓலையும் ஓலை நிறம். அப்புறம் அவர் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, துணியால் ஓலை முழுக்கத் தேய்த்தார். ஓலை கறுத்துப்போயிற்று. இன்னொரு துணியை எடுத்துத் துடைத்தார். மேற்பரப்பு மஞ்சளாகத் திரும்ப வந்தது, கீறலுக்குள் மட்டும் கரி நின்றது, எழுத்து எழுத்தாக எழுந்து வந்தது. நான் என்னை அறியாமல் “இது பேனல் லைன் வாஷ்!” என்றேன். பக்கத்தில் இருந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்த வேலைக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது. ஏட்டுக்கு மை பூசித் துலங்க வைப்பதுதான் மையாடல். விளக்குக் கரி மட்டுமல்ல, கோவை இலைச் சாறு, ஊமத்தை இலைச் சாறு என்று இடத்துக்கு இடம் கலவை மாறும். செய்முறை மாறாது: கீறல், பூச்சு, துடைப்பு. நாம் டாம்கேட்டின் முதுகில் செய்வதும் இதே மூன்றுதான்.

ஒற்றுமை இத்தோடு நிற்கவில்லை. எழுதுவதற்கு முன் ஓலையை வேகவைத்து, உலர்த்தி, சங்கு போன்ற வழவழப்பான பொருளால் தேய்த்து மெருகேற்றுவார்கள். மெருகில்லாத ஓலையில் கரி கீறலோடு நிற்காது, நாரெல்லாம் பிடித்துக்கொள்ளும். நாமும் மையாடுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு அடிக்கிறோம் அல்லவா? மங்கல் வண்ணத்தின் மேற்பரப்பு நுண்ணளவில் சொரசொரப்பானது, மையை விடாது. என் முதல் மாதிரியில் அந்தப் பூச்சை அடிக்காமல் விட்டேன். எவ்வளவு துடைத்தும் வெளிர் சாம்பல் திரும்பி வரவில்லை, அடுப்படிச் சுவர் மாதிரி ஆகிவிட்டது.

இன்னொன்று, “ஆடல்” என்ற பகுதி. நீராடல், மஞ்சளாடல், நீறாடல் என்கிறோமே, அந்த ஆடல்தான் இது. முழுகுவதும் மேலெல்லாம் பூசிக்கொள்வதும் இரண்டும் அதில் அடங்கும். ஆகவே கழுவல் என்று சொன்னவர்கள் தேடிய பொருளும் இந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது.

ஜப்பானியர் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். இந்தக் கலைக்கு அவர்கள் நாடு ஒரு பெரிய தாயகம், டாமியா இருப்பதே ஷிசுவோகா நகரில்தான். கோடுகளுக்கு மை ஊட்டுவதை அவர்கள் “சுமி இரே” என்கிறார்கள். சுமி என்றால் புகைக்கரியில் செய்யும் அவர்களுடைய பழைய எழுத்து மை, இரே என்றால் இடுதல். மூடியிலேயே தூரிகை வைத்து 40 மில்லி புட்டியில் வரும் டாமியாவின் கோட்டு வண்ணத்துக்கு ஜப்பானியப் பெயரும் அதுதான். அதே சமயம் மேற்பரப்பு முழுக்கப் பூசி எடுக்கும் வேலைக்கு “வாஷிங்” என்ற கடன்சொல்லையே வைத்துக்கொண்டார்கள். தங்கள் கையில் ஏற்கெனவே இருந்த வேலைக்குத் தங்கள் சொல்லைக் கொடுத்தார்கள். நம் கையிலும் அந்த வேலை இருந்திருக்கிறது, சொல்லும் இருக்கிறது.

கருத்தை எழுதுங்கள்.

*

ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

மையாடல் என்ற சொல்லைப் பற்றிக் கேள்விகள் கேட்டுத் தமிழாசிரியர் ஐயா எழுதிய மடல் நேற்று இரவு வந்தது. ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> மையாடல் என்பது பிள்ளைக்கு ஏடு தொடங்கும் விழாவுக்கும் பெயர். பொம்மை விமானத்துக்கு அதை எடுத்துக்கொள்வது பொருந்துமா?

ஐயா, அந்த விழாவுக்கு அந்தப் பெயர் வந்ததே பிள்ளையின் முதல் ஏட்டுக்கு மை பூசித் தருவதால்தான். வேலையின் பெயர்தான் விழாவுக்கு ஆகிவந்திருக்கிறது. இன்று விழாவும் அரிது, ஓலையில் எழுதுவதும் அரிது. அகராதியில் மட்டும் கிடக்கும் சொல், பதினைந்து வயதுப் பையன்கள் இரவு பதினொரு மணிக்குக் கண்ணாடிப் பெட்டகத்துக்காகச் செய்யும் வேலையின் பெயராகப் புழங்கட்டுமே. அந்தப் பையன் ஒருநாள் சுவடியைப் பார்க்கும்போது “இதுவும் மையாடியதுதான்” என்று புரிந்துகொள்வான். இதை நான் மரியாதைக் குறைவாக நினைக்கவில்லை.

> மை என்றால் கறுப்பு. நீங்கள் சாம்பல், பழுப்பு எல்லாம் பூசுவதாகச் சொல்கிறீர்களே?

பழைய பொருளில் கறுப்புதான். ஆனால் நீல மை, சிவப்பு மை என்று பேனாவில் ஊற்றிப் பல தலைமுறை ஆகிவிட்டது. விடைத்தாளைச் சிவப்பு மையில் திருத்தியவர் நீங்களே. தவிர, எங்கள் வேலையில் கறுப்பை உண்மையில் ஒதுக்கத்தான் வேண்டும். ஒரு கணக்குப் பாருங்கள்: கோட்டின் அகலம் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 48 மடங்கு பெருக்கினால் 9.6 மில்லிமீட்டர். அசலில் தகட்டுக்கும் தகட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் இடைவெளி கிடையாது. அதற்குள் கறுப்பை ஊற்றினால் விமானம் கட்டம் போட்ட நோட்டாகிவிடும். டாம்கேட்டின் வெளிர் சாம்பல் முதுகுக்கு நடுத்தரச் சாம்பல், வெள்ளை வயிற்றுக்கு அதைவிட வெளிர்ந்தது. எஃப்-117 போன்ற கறுப்பு விமானத்துக்கு நேர்மாறாக, உடலைவிட வெளிர்ந்த மை. ஆக “வெளிர் மை”, “பழுப்பு மை” என்று சொல்லிக்கொள்ளத் தடையில்லை.

குழுவில் அக்கா ஒருவர் கேட்ட வகைப்பாடு: கோட்டில் மட்டும் வைப்பது “வரி மையாடல்”. பரப்பு முழுக்கப் பூசித் துடைப்பதற்கு முதலில் “முழு மையாடல்” என்று எழுதிப் பார்த்தேன். சேர்த்து எழுதினால் “முழுமை ஆடல்” என்று படிக்கிறது, அதனால் விட்டுவிட்டேன். “பரப்பு மையாடல்” என்று வைக்கலாம். புட்டியில் இருக்கும் திரவத்துக்குத் தனிப்பெயர் வேண்டும் என்றால் “மைக்கரைசல்” போதும். வினையாகவும் நன்றாக வருகிறது: மையாடினேன், மையாடவில்லை, மையாடிய சிறகு.

வெதரிங் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னீர்கள். அது வேறு, கலக்கவேண்டாம். மையாடுவது விமானத்தின் கட்டமைப்பைக் காட்ட. வெதரிங் அது புழங்கியதைக் காட்ட. டாம்கேட்டின் சிறகு 20 பாகையிலிருந்து 68 பாகை வரை பின்னால் மடங்கும். உடலோடு சேரும் இடத்தில் மூடிகள் உரசி உரசிச் சிறகின் மேல் வளைந்த கறைகள் விழுந்திருக்கும். அந்தக் கறையை வரைவதற்கு மையாடல் என்று பெயர் வைத்தால் தப்பு. நிலவியலில் வழங்கும் “வானிலைச் சிதைவு” பாறைக்குச் சரி, ஆனால் இந்தக் கறையை வெயிலோ மழையோ உண்டாக்கவில்லை. புழங்குபொருள் என்பதுபோல “புழங்குதடம்” என்று எனக்குத் தோன்றுகிறது, வினைத்தொகை ஆதலால் ஒற்று மிகாது. தனி இழையில் பேசலாம்.

கடைசியாக, சொற்பட்டியலில் விளக்கக் குறிப்பு எழுதும்போது ஒரு வரியை விடாமல் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்: “வார்னிஷ் பூசிய பரப்பில் மட்டும்.” பூச்சில்லாத பிளாஸ்டிக்கில், அதுவும் இறுக்கிப் பொருத்திய இடத்தில், எனாமல் கரைப்பான் புகுந்தால் பிளாஸ்டிக் விரிசல் விடும். என்னுடைய பழைய மாதிரி ஒன்றில் இரவு சக்கரக் காலுக்கு மையாடிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் கால் இரண்டாக முறிந்து விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பெயிண்ட் கடையில் “தின்னர்” என்று மட்டும் கேட்டாலும் ஆபத்துதான். அவர்கள் பெரும்பாலும் எடுத்துத் தருவது லாக்கர் தின்னர், அது கீழே இருக்கும் வண்ணத்தையே கரைத்துவிடும். மினரல் டர்பன்டைன் என்று பெயர் சொல்லிக் கேட்கவேண்டும்.

என் வரைவு இது. திருத்துங்கள்:

மையாடல் (பெ.) – வார்னிஷ் பூசிய மாதிரியின் பள்ளக் கோடுகளில் நீர்த்த வண்ணத்தை ஓடவிட்டு, மேற்பரப்பைத் துடைத்து, கோடுகளைத் துலங்கச் செய்தல். வினை: மையாடு. கோடுகள் மேடாக உள்ள பழைய அச்சு மாதிரிகளுக்குப் பொருந்தாது.

டாம்கேட்டின் இடது சிறகு முடிந்துவிட்டது. வலது சிறகுக்கு நாளை இரவு மையாடுகிறேன். இரண்டையும் அருகருகே வைத்து, மையாடும் முன்னும் பின்னும் எடுத்த படங்களை அனுப்புகிறேன். பட்டியலில் சொல்லுக்குப் பக்கத்தில் போட உதவும்.