மறுமொழி: பெருந்திரைக் கைபேசிக்குக் கலைச்சொல் – ‘அகல்பேசி’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

தொலைபேசிக்கும் பலகைக் கணினிக்கும் இடைப்பட்ட பெருந்திரைக் கைபேசியை ஆங்கிலத்தில் குறிக்கும் ‘ஃபெப்லட்’ என்பதற்குத் தமிழில் நிலையான சொல் ஒன்றைத் தெரிவுசெய்வது பற்றி இங்கு நடந்துவரும் உரையாடலை ஒன்று விடாமல் படித்தேன். அகல்பேசி, பெரும்பேசி, கணிபேசி, பலகைப்பேசி என நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் அகல்பேசிக்கே ஆதரவு மிகுந்திருக்கிறது. சொல் செப்பமானது, நாவிலும் எளிதாக வருகிறது. ஆயினும் அதை ஏற்க எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சொல்லின் இலக்கணத்தில் குறை எதுவும் இல்லை. இந்தக் கருவி வளர்ந்து வந்த வரலாறுதான் அதற்கு எதிராக நிற்கிறது. ஆகவே அந்த வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

2007இல் வெளிவந்த முதல் ஐபோனின் திரை மூலைவிட்டமாக 3.5 அங்குலம். அதுவே அன்று பெரிய திரை. 2010இல் டெல் நிறுவனம் 5 அங்குலத் திரையுடன் ‘ஸ்ட்ரீக்’ என்ற கருவியைக் கொண்டுவந்தபோது, அதைத் தொலைபேசி என்பதா, சிறிய பலகைக் கணினி என்பதா என்று எழுதியவர்களுக்கே தெளிவில்லை. அதே ஆண்டு யூலையில் நடந்த செய்தியாளர் சந்திப்பொன்றில் அப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ், கைக்குள் அடங்காத பெரிய தொலைபேசியை எவரும் வாங்கப்போவதில்லை என்றார். ஸ்ட்ரீக்கைப் பொறுத்தவரை அவர் சொன்னது நடந்தது. ஆனால் 2011 செப்டெம்பரில் பெர்லின் கண்காட்சியில் சாம்சங் அறிமுகப்படுத்திய ‘கெலக்சி நோட்’ அந்தக் கணிப்பைப் புரட்டியது. அதன் திரை 5.3 அங்குலம், கூடவே ஓர் எழுதுகோலும் வந்தது. காதில் வைத்துக் கதைப்பதற்கு ஒவ்வாத அளவு என்று விமர்சகர்கள் பலர் எழுதினார்கள், மக்களோ வாங்கினார்கள்.

இதற்கு வாசிப்பும் காணொளியும் மட்டும் காரணம் அல்ல. திரை பெரிதானால் அதன் பின்னால் மின்கலத்துக்கும் இடம் கிடைக்கிறது. அதே ஆண்டு வெளிவந்த, 4.3 அங்குலத் திரை கொண்ட கெலக்சி எஸ் 2இல் மின்கலம் 1650 மில்லி அம்பியர் மணி; நோட்டில் 2500. முதல் தலைமுறை 4ஜி சில்லுகள் மின்சாரத்தை அதிகமாக உறிஞ்சிய காலம் அது. இலங்கையில் 4ஜி கைத்தொலைபேசிச் சேவை 2013இல் தொடங்கியபோது, பெருந்திரைக் கருவிகள் சந்தையில் தமக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துவிட்டன. அந்த 2013தான் இந்த வகையின் உச்ச ஆண்டு என்பேன். ஹுவாவியின் அசெண்ட் மேட் 6.1 அங்குலம், சாம்சங்கின் கெலக்சி மெகா 6.3, சோனியின் எக்ஸ்பீரியா சற் அல்ட்ரா 6.4, நொக்கியாவின் லூமியா 1520 சரியாக 6. மறு ஆண்டு செப்டெம்பரில் அப்பிள் நிறுவனமும் 5.5 அங்குல ஐபோன் 6 பிளஸை வெளியிட்டு அந்த வரிசையில் சேர்ந்தது.

இவ்வளவும் அகல்பேசி என்ற சொல்லுக்குச் சாதகமாகவே தோன்றும். கவனிக்க வேண்டிய திருப்பம் 2017இல் வருகிறது. அதுவரை பெரும்பாலான திரைகள் 16:9 என்ற நீள அகல விகிதத்தில் இருந்தன. அவ்வாண்டு எல்ஜி ஜி6 18:9 விகிதத்திலும், கெலக்சி எஸ் 8 18.5:9 விகிதத்திலும், ஐபோன் எக்ஸ் ஏறத்தாழ 19.5:9 விகிதத்திலும் வந்தன. அங்குலக் கணக்கு தொடர்ந்து ஏறியது, அகலம் ஏறவில்லை. கருவி நீண்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2011இன் நோட் 16:10 விகிதத்தில் 5.3 அங்குலம், அதன் திரையின் அகலம் ஏறத்தாழ 71 மில்லிமீற்றர், உயரம் 114. இன்று சாதாரணமாக விற்கப்படும் 6.7 அங்குல, 20:9 திரை ஒன்றை எடுத்தால் அகலம் ஏறத்தாழ 70 மில்லிமீற்றர், உயரம் 155. மூலைவிட்டம் 1.4 அங்குலம் வளர்ந்தும் அகலம் ஒரு மில்லிமீற்றர் குறைந்திருக்கிறது! உடலை எடுத்துக்கொண்டாலும் இதுவே நிலை. நோட்டின் உடல் ஏறத்தாழ 83 மில்லிமீற்றர் அகலம். 2017இல் ஒரே ஆண்டில் வெளிவந்த ஐபோன் 8 பிளஸ், ஐபோன் எக்ஸ் இரண்டையும் ஒப்பிடுங்கள். முன்னதன் திரை 5.5 அங்குலம், உடல் அகலம் 78.1 மில்லிமீற்றர், பின்னதன் திரை 5.8 அங்குலம், உடல் அகலம் 70.9. திரைப் பரப்பு இரண்டிலும் கிட்டத்தட்டச் சமம். ஆகவே அங்குல எண் ஒன்றை மட்டும் வைத்து ‘பெரிது’ என்று முடிவுசெய்வது ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரே அளவு பிழையாகும். அகலாமல் நீண்ட ஒரு கருவிக்கு அகல்பேசி என்று பெயரிட்டால், அந்தச் சொல்லைக் கொண்டு பாடம் சொல்லும் ஆசிரியர் முதல் வகுப்பிலேயே விளக்கம் கொடுக்க வேண்டிவரும்.

தமிழில் எழுதுவோருக்கு இந்த அகலம் சிறிய செய்தி அன்று என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். தமிழ் 99 விசைப்பலகையின் மேல் வரிசையில் 12 எழுத்துகள் உள்ளன, ஆங்கில விசைப்பலகையின் மேல் வரிசையில் 10. அந்த வரிசையை அப்படியே 3.5 அங்குலத் திரையில் நிமிர்த்திப் பிடித்து அமைத்தால் ஒரு விசைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 4 மில்லிமீற்றர்தான். நோட்டின் அகலத்தில் அது 6 ஆகிறது. நீண்ட சொற்கள் வரிக்கு வரி உடையாமல் வாசிக்கக் கிடைத்ததும் அதே அகலத்தால்தான். 2017க்குப் பின் திரை வளர்ந்ததாகச் சொல்லப்படும் வளர்ச்சி, தமிழ்த் தட்டச்சுக்கு அகலவாக்கில் எதையும் சேர்க்கவில்லை.

பெரும்பேசியைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 5 அங்குலம் பெரிதென்றிருந்த இடத்தில் இன்று 6.1 அங்குலக் கருவியைக் கடைக்காரர் ‘சின்னது’ என்று எடுத்துக் காட்டுகிறார். ‘ஃபெப்லட்’ என்ற ஆங்கிலச் சொல் வழக்கொழிந்து வருவதும் இதனால்தான்: எல்லாக் கருவிகளும் அந்த அளவைத் தாண்டிய பிறகு தனிப்பெயருக்கு வேலை இல்லாமற் போயிற்று. கணிபேசி என்பதோ திறன்பேசி முழுவதற்கும் பொருந்துவது. அளவைப் பற்றி அது எதுவும் உணர்த்தவில்லை.

எஞ்சுவது பலகைப்பேசி. நான் ஆதரிப்பது இதையே, ஆனால் ஒரு வரையறையோடு. பலகைக் கணினி என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், அதற்கும் தொலைபேசிக்கும் இடைப்பட்டது இது என்பதைச் சொல்லைக் கேட்டவுடன் உணரலாம். பேச்சில் எல்லோரும் ‘டெப்’ என்று சொன்னாலும், எழுத்தில் பலகைக் கணினியை அறியாதவர் குறைவு. பலகைப்பேசி என்பதை இன்றைய எல்லாத் திறன்பேசிகளுக்கும் பூசிவிடாமல், 2010 முதல் 2017 வரை ஒரு தனி வகையாகக் கருதப்பட்ட, ஏறத்தாழ 5 முதல் 7 அங்குலம் வரையான திரை கொண்ட கருவிகளுக்கான வரலாற்றுச் சொல்லாகவே அகராதியில் இட வேண்டும். வழக்கொழிந்த பொருளுக்குக் கலைச்சொல் எதற்கு என்று மட்டக்களப்பு நண்பர் கேட்டிருந்தார். அந்தக் காலக் கட்டுரைகளையும் காப்புரிமை ஆவணங்களையும் மொழிபெயர்க்கிறவருக்கு அந்தச் சொல் வேண்டும். தந்தி நின்றுபோன பின்னும் தந்தி என்ற சொல் வேண்டியிருப்பது போன்றதே இது.

உண்மையில் அவசரம் வேறிடத்தில் இருக்கிறது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவிலும் தமிழில் பேரம் பேசும் கடைக்காரர்கள் ‘பெரிய டிஸ்பிளே’ என்ற சொல்லோடு சாதாரணக் கருவிகளை முடித்துக்கொள்கிறார்கள். திரையே மடியும் கருவிகளில் புத்தகம்போல் விரியும் ‘ஃபோல்ட்’, பாதியாக மடிந்து சிறிதாகும் ‘ஃபிளிப்’ என்ற இரண்டையும் மட்டும் பெயர் சொல்லியே விற்கிறார்கள். வகைப்பெயர் தேவைப்படும் இடம் இதுதான். 2018இல் ரொயோல் நிறுவனத்தின் ஃபிளெக்ஸ்பை 7.8 அங்குல மடியும் திரையோடு வந்தது. 2019 செப்டெம்பரில் கெலக்சி ஃபோல்ட் விற்பனைக்கு வந்தது: மூடினால் வெளித்திரை 4.6 அங்குலம், திறந்தால் உள்திரை 7.3. பலகைப்பேசி எந்தச் சிக்கலைத் தீர்க்க முயன்றதோ, அதாவது சட்டைப்பையில் அடங்கும் உடலில் பலகைக் கணினியின் திரை, அதையே இவை வேறு வழியில் தீர்க்க முயல்கின்றன.

இவற்றுக்கு மடக்குப்பேசி என்று சிலர் எழுதத் தொடங்கியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. அந்தப் பெயர் பொருந்த வேண்டியது பழைய மூடித் திறக்கும் தொலைபேசிகளுக்கு. 1996இன் மோட்டோரோலா ஸ்டார்டெக், 2004இன் ரேசர் வி3 போன்றவற்றுக்கு. அவற்றில் மடிவது உடல். திரை மடியாமல் கீலின் ஒரு புறத்திலேயே கிடக்கும். புதியவற்றில் கீலின் மேலாகத் திரையே மடிகிறது. கண்ணாடி மடியாது என்பதால் முதலில் நெகிழிப் படலம் இட்டார்கள். 2020இல் கெலக்சி சற் ஃபிளிப்பில் மிக மெல்லிய கண்ணாடி வந்தது. பொறியியல் முழுவதும் அந்தத் திரையின் மடிப்பில்தான் இருக்கிறது. ஆகவே சொல்லிலும் திரை இருக்க வேண்டும். நான் முன்வைப்பது மடிதிரைப்பேசி.

யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவர் மடிபேசி என்று சுருக்கமாகச் சொன்னால் போதாதா என்று முன்பு கேட்டிருந்தார். போதாது என்பதே என் கருத்து. மடிக்கணினி என்பதில் மடி பெயர்ச்சொல். மடியில் வைக்கும் கணினி என்பது பொருள், அதனால் ககர ஒற்று மிகுந்தது. மடிபேசி என்றால் வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல ஒற்று மிகாமல் நிற்கும். இலக்கணம் அறிந்தவருக்கு மடிபேசியும் மடிப்பேசியும் வேறு வேறு. ஆனால் அச்சில் ஒற்றுப்பிழை மலிந்த இக்காலத்தில் ஒரே ஓர் ஒற்றை நம்பி இரு பொருள்களைப் பிரித்து நிறுத்த இயலாது. மடிதிரைப்பேசி என்று சொன்னால், இடையில் எவரேனும் தவறுதலாகத் தகர ஒற்றைச் சேர்த்துவிட்டாலும் பொருள் மாறாட்டம் நேராது. வினைத்தொகையாக இருப்பதால் மடிந்த திரை, மடிகின்ற திரை, மடியும் திரை மூன்றையும் அது ஒருங்கே தழுவுகிறது. திறந்து மூடும் ஒரு பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தொகை கிடைப்பது அரிது.

விரிதிரைப்பேசி என்ற மாற்றையும் எண்ணிப் பார்த்தேன். விரிதாள் வழக்கில் இருப்பதால் அது அந்நியமாகத் தோன்றாது. சுருளும் திரைகளுக்கும் அது பொருந்தும். 2021 ஜனவரியில் எல்ஜி அத்தகைய ஒன்றைக் காட்டியது, ஆனால் அவ்வாண்டே கைத்தொலைபேசித் தொழிலைக் கைவிட்டதால் அது சந்தைக்கு வரவில்லை. ஃபிளிப் வகைக்கோ இந்தச் சொல் இடர் தருகிறது. அது விரிந்தாலும் 6.7 அங்குல வழமையான தொலைபேசியாகத்தான் நிற்கிறது. அதன் சிறப்பு மடிந்து சிறிதாவதில் இருக்கிறது. இரு வகைக்கும் பொதுவானது மடிப்பு. ஆகவே பொதுப்பெயராக மடிதிரைப்பேசியை வைத்து, விரிதிரையைச் சுருள்வனவற்றுக்கென ஒதுக்கி வைக்கலாம்.

இனி நம் நாட்டுக்கே உரிய ஒரு கேள்வி. இலங்கையில் நாம் கைபேசி, அலைபேசி என்பதைவிடக் கைத்தொலைபேசி, கையடக்கத் தொலைபேசி என்றே எழுதிப் பழகியவர்கள். ‘பேசி’ என்ற ஈறு தமிழகத்துக்கு உரியது, இங்கு ஒட்டாது என்று சிலர் தயங்குவது புரிகிறது. தொலைபேசியின் பிற்பாதியே பேசிதான் என்பதால் இங்குள்ள எவருக்கும் அது புரியாமல் போகாது. இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கொழும்பில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவர்கள் அறிவார்கள்: மும்மொழிப் படிவங்களிலும் பொதி அட்டைகளிலும் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கிடைக்கும் அதே அகலக் கட்டம்தான் தமிழுக்கும் கிடைக்கிறது. மடிதிரைக் கையடக்கத் தொலைபேசி என்று எழுதினால் எழுத்தைச் சிறிதாக்குவார்கள், அல்லது சொல்லை இடையில் வெட்டுவார்கள். வாசிக்க இயலாத அளவுக்குச் சிறுத்த தமிழ் எழுத்தைப் பொதி அட்டைகளில் பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. சொல்லின் நீளத்தை நாம் குறைத்துக் கொடுத்தால் அந்த அநீதியில் ஒரு பகுதியாவது குறையும்.

பதிவுக்கான வரையறைகளை இவ்வாறு முன்மொழிகிறேன். பலகைப்பேசி: தொலைபேசிக்கும் பலகைக் கணினிக்கும் இடைப்பட்டதாக 2010களில் வகைப்படுத்தப்பட்ட, ஏறத்தாழ 5 முதல் 7 அங்குல மூலைவிட்டத் திரை கொண்ட திறன்பேசி. மடிதிரைப்பேசி: ஒரே திரை கீலின் மேலாக மடிந்து விரியுமாறு அமைந்த திறன்பேசி. மடக்குப்பேசி: திரை மடியாமல், உடல் மட்டும் கீலில் மடியும் கைத்தொலைபேசி. மூன்றிலும் திரையளவைக் குறிக்கும்போது மூலைவிட்டத்தோடு நீள அகல விகிதத்தையும் சேர்த்தே தர வேண்டும் என்ற குறிப்பு ஒன்றையும் இணைக்க வேண்டுகிறேன்.

ஒன்று மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. 2024 செப்டெம்பரில் ஹுவாவி வெளியிட்ட மேட் எக்ஸ்டி இரண்டு இடங்களில் மடிந்து, மூன்று பாகங்களாக விரிந்து 10.2 அங்குலம் ஆகிறது. இதை மும்மடித்திரை என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. மும்மடி என்றால் மூன்று மடங்கு என்று பொருள்படும், மடிப்புகளோ இரண்டுதான். எண்ண வேண்டியது மடிப்பையா, பாகத்தையா என்பதை நாம் முதலில் தீர்மானித்தால் அடைமொழி தானே வரும். மடிப்பை எண்ணி ‘இருமடிப்பு மடிதிரைப்பேசி’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துடையோர் காரணத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து