மார்ச் 3: மனசுக்குப் பிடித்தவருக்கா, ஜெயிப்பார் என்று தோன்றுபவருக்கா?

இர்விங்வாசி | மார்ச் 1, 2020, காலை 9:40

நாளை மறுநாள் டெக்சாஸ் உட்பட 14 மாநிலங்களில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு. நவம்பரில் ட்ரம்ப்பை எதிர்த்து யார் நிற்பார் என்பது அன்றே பாதி தெரிந்துவிடும். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. செனட்டர் சாண்டர்ஸ் பேசுவதைக் கேட்டால் அத்தனையும் நியாயம் என்று படுகிறது. நேற்று சவுத் கரோலினாவில் பைடன் 48 சதவீதத்துக்கு மேல் வாங்கியதைப் பார்த்தால், நவம்பரில் தாக்குப்பிடிப்பவர் இவர்தானோ என்றும் தோன்றுகிறது. மனைவி போன வாரமே முன்கூட்டிய வாக்குப்பதிவில் பீட் புட்டிஜெஜுக்குப் போட்டுவிட்டாள். நீங்களெல்லாம் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

வைகைக்கரை | மார்ச் 1, காலை 10:15

தம்பி, பைடனுக்குப் போடுங்கள். அவர் மேல் எனக்குப் பெரிய பற்று ஒன்றும் கிடையாது. 2002-ல் இராக் போருக்கு அனுமதி கொடுத்து செனட்டில் வாக்களித்தவர், அதை நான் மறக்கவில்லை. ஆனால் இந்த முறை நான் பார்ப்பது மூன்று மாநிலங்களைத்தான்: விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா. 2016-ல் மூன்றிலும் சேர்த்து 78,000-க்கும் குறைவான வாக்குகளில் எல்லாம் கைவிட்டுப் போனது. அந்த மாநிலங்களில் போன முறை ட்ரம்ப்புக்குப் போட்டுவிட்டு இப்போது தயங்கி நிற்பவரைத் திரும்ப அழைத்து வரக்கூடியவர் யார்? எனக்கு அது ஒன்றுதான் கேள்வி.

இன்னொரு நான்கு வருடம் என்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி கின்ஸ்பர்குக்கு 86 வயது. அவர் இடம் காலியானால் அடுத்தவரை நியமிப்பது ட்ரம்ப்தான். போன வாரம், பிப்ரவரி 24 முதல், கிரீன் கார்டு விஷயத்தில் புது விதி அமலுக்கு வந்துவிட்டது. விண்ணப்பிப்பவர் பின்னாளில் அரசு உதவியை நாடக்கூடும் என்று அதிகாரிக்குத் தோன்றினாலே மறுக்கலாம். வயது, உடல்நிலை, வருமானம் எல்லாம் கணக்கில் வரும். ஊரிலிருந்து எழுபது வயது அம்மாவை அழைத்து வந்து கூட வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது என்னவென்று புரியும்.

கரிசல்மண் | மார்ச் 1, காலை 11:02

வைகை ஐயா, உங்கள் பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் 'ஜெயிக்கக்கூடியவர்' என்று சொல்லி நாம் தேர்ந்தெடுத்தவர்களின் கதையைப் பாருங்கள். 2004 பிரைமரியில் ஹோவர்ட் டீன் போரை எதிர்த்துத் துணிந்து பேசினார், கூட்டமும் கூடியது. கடைசியில் வியட்நாமில் போரிட்டவர், பாதுகாப்பானவர் என்று கெர்ரியைப் பிடித்தோம். தோற்றோம். 2016-ல் ஹிலாரியைப் பிடித்ததும் இதே கணக்குத்தான். நீங்கள் சொன்ன மூன்றில் மிச்சிகன், விஸ்கான்சின் இரண்டிலும் அன்றைக்கு பிரைமரியில் ஜெயித்தவர் சாண்டர்ஸ்!

என் சொந்தக் கதையையும் சொல்கிறேன். 2017-ல் எனக்கு வேலை போனபோது மனைவி ஏழு மாதக் கர்ப்பம். வேலையோடு இன்சூரன்ஸும் போனது. பழைய இன்சூரன்ஸைக் கையிலிருந்து கட்டித் தொடர மாதம் 1,900 டாலர். சம்பளம் நின்ற வீட்டில் அந்தப் பணத்துக்கு எங்கே போவது? ஊரில் அப்பா நிலத்தை அடமானம் வைத்து அனுப்பினார். அமெரிக்காவில் இருக்கிற மகனுக்கு ஆஸ்டினில் பிரசவம் பார்க்க, கோவில்பட்டிப் பக்கத்து நிலம் அடமானம். வேலை போனாலும் வைத்தியம் போகக் கூடாது என்று சாண்டர்ஸ் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, 'நல்ல யோசனைதான், ஆனால் நடக்காது' என்று என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

வைகைக்கரை | மார்ச் 1, பகல் 12:30

கரிசல் தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. உங்கள் கோபம் நியாயம். ஆனால் எல்லோருக்கும் அரசே இன்சூரன்ஸ் தரும் சாண்டர்ஸின் திட்டம் எந்த வழியாகச் சட்டமாகும் என்று சொல்லுங்கள். 2009 கடைசியில் செனட்டில் நம் பக்கம் 60 பேர் இருந்தார்கள். அப்படியிருந்தும் தனியார் இன்சூரன்ஸோடு போட்டி போடும் ஓர் அரசுத் திட்டத்தைக்கூட ஒபாமாவின் இன்சூரன்ஸ் சட்டமான ஒபாமாகேரில் சேர்க்க முடியவில்லை. அந்த 60 பேரில் லீபர்மேன் ஒருவர் முடியாது என்றார், கைவிட வேண்டியதாயிற்று. இன்றைக்கு நம் பக்கம் 47 பேர்தான்.

இதுவரை வாக்களிக்காதவர்களை எல்லாம் கூட்டி வருவேன் என்கிறார் சாண்டர்ஸ். வந்தார்களா? அயோவாவில் கட்சியினர் நேரில் கூடித் தேர்ந்தெடுக்கும் காக்கஸுக்கு இந்த முறை வந்தவர்கள் சுமார் 1,76,000 பேர். ஒபாமா நின்ற 2008-ல் கிட்டத்தட்ட 2,40,000. கெர்ரி தோற்றது உண்மைதான். ஒஹையோவில் சுமார் அறுபதாயிரம் வாக்குகள் இடம் மாறியிருந்தால் அவர் ஜனாதிபதி. 1972-ல் மெக்கவர்னை வேட்பாளராக மனசாரத் தேர்ந்தெடுத்தார்கள், 49 மாநிலங்கள் போயின. இரண்டும் தோல்விதான், ஆனால் ஒரே மாதிரித் தோல்வி இல்லை.

முல்லைக்கொடி | மார்ச் 1, பிற்பகல் 2:48

இருவரும் ஒரு விஷயத்தைத் தொடவே இல்லை. நான் பாஸ்டன் பக்கம். என் வாக்கு எலிசபெத் வாரனுக்கு. ஒரு வருடமாக நான் கேட்பது ஒரே பேச்சு: "வாரன்தான் இருப்பதிலேயே கெட்டிக்காரர். எனக்கு ஒன்றும் தடை இல்லை. ஆனால் மற்றவர்கள் ஒரு பெண்ணுக்குப் போட மாட்டார்களே." என் அலுவலகத்தில் நாலு பேர், நாலு பேரும் இதையே சொன்னார்கள். தனக்கே அந்தத் தயக்கம் இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த 'மற்றவர்கள்' எங்கே இருக்கிறார்கள்? போன முறை ஒரு பெண் நாடு முழுக்க 28 லட்சம் வாக்குகள் அதிகமாகத்தானே வாங்கினார்?

2007 கடைசியில் சவுத் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களிலேயே பலர் ஹிலாரி பக்கம் இருந்தார்கள். வெள்ளையர்கள் ஒபாமாவுக்குப் போட மாட்டார்கள் என்ற எண்ணம். 2008 ஜனவரி 3-ல் அயோவா அவரை ஜெயிக்க வைத்தது. மக்கள் தொகையில் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையராக உள்ள மாநிலம் அது. அப்புறம்தான் சவுத் கரோலினா திரும்பியது. 'அடுத்த வீட்டுக்காரர் போட மாட்டார்' என்று அயோவாக்காரர்களும் கணக்குப் போட்டிருந்தால் ஒபாமா இன்னும் செனட்டராகத்தான் இருந்திருப்பார். வைகை ஐயா, நவம்பரில் இருப்பவர்களில் யார் என்று பார்த்துப் போடுவோம், சரி. பிரைமரியிலாவது எனக்கு யார் வேண்டும் என்று சொல்ல விடுங்கள். அதையும் முன்பின் தெரியாத ஒரு விஸ்கான்சின்காரருக்காக விட்டுக்கொடுத்துவிட்டால், நான் எங்கேதான் என் விருப்பத்தைச் சொல்வது?

கரிசல்மண் | மார்ச் 1, பிற்பகல் 3:20

முல்லை சொல்வதோடு நெவாடாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லாஸ் வேகாஸ் ஹோட்டல் சமையல் தொழிலாளர் சங்கம் போராடி வாங்கிய நல்ல இன்சூரன்ஸ் வைத்திருக்கிறது. சாண்டர்ஸ் திட்டம் வந்தால் அது போய்விடும் என்று தலைமையே எச்சரித்தது. ஆனால் பிப்ரவரி 22-ல் ஹோட்டல்களிலேயே நடந்த காக்கஸ்களில் பெரும்பாலானவற்றில் ஜெயித்தவர் அவர்தான். தன்னிடம் இருப்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கிடைக்கட்டும் என்று அந்தத் தொழிலாளிகள் நினைத்திருக்கிறார்கள்.

வைகைக்கரை | மார்ச் 1, மாலை 5:05

முல்லை அம்மா, உங்கள் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் நேற்று சவுத் கரோலினாவில் பைடனுக்குப் போட்ட வயதான கறுப்பினத்தவர்களை நினைத்துப் பாருங்கள். அந்த மாநிலத்தின் கறுப்பினத் தலைவர் கிளைபர்ன் கைகாட்டினார், அதனால் போட்டார்கள் என்று மட்டும் சொன்னால் அது அவர்களைக் குறைத்துப் பேசுவது. அந்த ஊரில் வாக்குரிமைக்காக அடி வாங்கிய தலைமுறை அது. தோற்றால் முதல் அடி யார் மேல் விழும் என்று அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். அவர்களுடைய கணக்கும் மனசிலிருந்து வந்ததுதான்.

இர்விங்வாசி | மார்ச் 1, இரவு 9:10

பீட் போட்டியிலிருந்து விலகிவிட்டார். மனைவி சோபாவில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசவே இல்லை. அப்புறம்தான் ஒன்று சொன்னாள், எனக்கே தெரியாத விஷயம். அவளுக்குப் பிடித்தவர் வாரன். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பார், ஜெயிப்பார் என்று நினைத்து பீட்டுக்குப் போட்டிருக்கிறாள். அந்தக் கணக்கு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. போட்ட வாக்கைத் திரும்பப் பெறவும் முடியாது.

முல்லைக்கொடி | மார்ச் 1, இரவு 9:31

அவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள் அண்ணா. இதைத்தான் மதியத்திலிருந்து சொல்ல முயன்றுகொண்டிருந்தேன்.

வைகைக்கரை | மார்ச் 2, பிற்பகல் 1:15

இன்று காலை உச்ச நீதிமன்றம் ஒபாமாகேர் வழக்கை விசாரணைக்கு எடுத்திருக்கிறது. சட்டம் முழுவதையும் ரத்து செய்யச் சொல்லும் வழக்கு. முன்னால் நின்று தொடுத்தது உங்கள் டெக்சாஸ் அரசு, ஒத்து ஊதுவது ட்ரம்ப்பின் நீதித்துறை. ஏற்கெனவே நோய் இருப்பவர்களுக்கு இன்சூரன்ஸ் மறுக்கக் கூடாது என்ற பாதுகாப்பும் அதோடு போய்விடும்.

இர்விங்வாசி | மார்ச் 2, இரவு 10:20

போட்டியில் இருந்த செனட்டர் குளோபுச்சரும் விலகிவிட்டார். அவரும் பீட்டும் இன்று இங்கே டாலஸுக்கே வந்து பைடனை ஆதரித்தார்கள். ஆனால் என் முடிவுக்கு அது காரணம் இல்லை. வைகை சார் சொன்ன வழக்குதான் காரணம். என் மகளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. ஆறு வயது. இரண்டு அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது, இன்னொன்று பாக்கி. அவளுக்கு இன்று இருக்கும் பாதுகாப்பு போய்விடக் கூடாது, அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை. நாளை பைடனுக்குப் போடுகிறேன். கரிசல், உங்கள் அப்பாவின் நிலத்தை நினைத்துக்கொண்டேதான் போடுவேன்.

கரிசல்மண் | மார்ச் 2, இரவு 10:47

அண்ணா, உங்கள் மகளுக்காகத்தான் நான் சாண்டர்ஸுக்குப் போடுகிறேன். கோர்ட்டுக்குக் கோர்ட் ஓடிக் காப்பாற்ற வேண்டிய பாதுகாப்பு அவளுக்குப் போதாது என்பது என் எண்ணம். அவள் இருபத்தாறு வயதைத் தாண்டி உங்கள் இன்சூரன்ஸை விட்டு வெளியே வரும் நாளை நினைத்துப் பார்க்கிறேன். பைடன் நின்றாலும் நவம்பரில் அவருக்கே போடுவேன், என் வீட்டிலும் போட வைப்பேன். வைகை ஐயா, சாண்டர்ஸ் நின்றால் நீங்கள்?

வைகைக்கரை | மார்ச் 2, இரவு 11:05

போடுவேன். போடுவது மட்டும் இல்லை. வர்ஜீனியாவிலிருந்து பென்சில்வேனியா எல்லை எனக்கு இரண்டு மணி நேரம். அக்டோபரில் எல்லா சனிக்கிழமையும் அங்கே போய் அவருக்காகக் கதவு தட்டுவேன். இர்விங் தம்பி, நாளை மாலை ஏழு மணிக்குள் வரிசையில் நின்றுவிடுங்கள். நின்றுவிட்டால் எத்தனை மணி ஆனாலும் போட விடுவார்கள். குழந்தையின் அடுத்த அறுவை சிகிச்சை எப்போது என்று எழுதுங்கள்.