அம்மாவுக்குத் தமிழில் பேச்சுப் பயிற்சி தர யாராவது உண்டா?

வணக்கம். ரங்கூனில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 67. பக்கவாதம் வந்து 19 நாள் ஆகிறது. மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலது கை, கால் அசையவில்லை, பேச்சும் போய்விட்டது. நாங்கள் சொல்வது புரிகிறது.

மருத்துவமனையில் பர்மியத்தில் பயிற்சி கொடுத்தார்கள். வீட்டில் படம் காட்டிப் பார்த்தோம். ஒரு சொல்லும் வரவில்லை. அம்மா வாழ்நாளெல்லாம் பேசியது தமிழ்தானே. அனோரதா வீதி காளி கோயிலில் அர்ச்சனை செய்தோம், அண்ணன் காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறான்.

நேற்று நெற்றியில் திருநீறு பூசினேன். இடது கையால் என் விரலை இறுகப் பிடித்துக்கொண்டு, "முருகா" என்றார். அவ்வளவு தெளிவாக! அப்புறம் நான் பாடப் பாட, கூடவே இரண்டு வரி வந்தது. பேச்சு போனவர்களுக்கும் பழகிய பாட்டும் வேண்டுதலும் மிஞ்சுவதுண்டு என்றார் மருத்துவர்.

ரங்கூனிலோ, வெளியூரிலிருந்து வீடியோவிலோ, தமிழில் பேச்சுப் பயிற்சி தருபவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?